மடிக்கொடி

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. ஆட்டோ உள்ளே வந்தால் திரும்ப இடமில்லை. வந்த வழியே பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அந்தச் சந்தின் கோடியில் உள்ள நான்கு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், காக்காய் உட்காராத ஒரு கொடி இருந்தது. உட்காரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு காக்காய், ஒரு சாயங்காலம், உட்கார்ந்துதான் பார்த்தது. மறுகணம் துள்ளிப் பறந்தது.

"அது கா கான்னு கத்தல சார். இங்கிலீஷ்ல இன்னாவோ பேசிக்கினே போச்சு" என்று வாட்ச்மேன் சத்தியம் செய்வான்.

வாட்ச்மேன் வாயைத் திறந்தால் பாதி பொய்தான். ஆனால் கொடிக்குச் சொந்தக்காரரான சுவாமிநாதன் மட்டும் அவன் பேச்சை மறுத்ததே இல்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

சுவாமிநாதன் தி.நகரில் ஒரு மாடிக் கடையில், காது கேட்கும் கருவி பொருத்துவதையே வாழ்நாள் வேலையாகச் செய்து ஓய்ந்தவர். அவர் கைராசி அப்படி. மனைவி பேச்சு காதில் விழாமல் பல வருஷம் சுகமாக வாழ்ந்த ஒரு வக்கீல், அவர் பொருத்திய கருவியை மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனாராம். ஊருக்கெல்லாம் காது கொடுத்தவருக்குப் பேச்சுத் துணை என்று ஒருத்தி வாய்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனார். அந்த வீட்டுக் கூடத்தில் பழைய ரேடியோ ஒன்று கரகரவென்றது. சொஜ்ஜி பஜ்ஜி வருவதற்குள் அதன் முதுகைக் கழற்றிச் சரிசெய்துவிட்டார். ரேடியோ கணீரென்று பாடியது. எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு பஸ் ஏறிய பிறகுதான், பெண்ணைப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வெட்கம்.

அவர் மனசைப் பிடித்துக்கொண்டிருந்தது அமெச்சூர் வானொலி. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஒரு செட்டையும் மைக்கையும் ஒரு நீளக் கம்பியையும் வைத்துக்கொண்டு, நடுவில் எந்த போன் கம்பெனியும் இல்லாமல் வானத்தின் வழியே ஊர் ஊராகப் பேசுவது. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தபோது கொல்லைத் தென்னைமரத்தில் கம்பியைக் கட்டியிருந்தார். ஒரு தடவை அவர் குரல் தென்துருவம்வரை போய், அங்கே பெங்குவின் ஒன்று திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி. பார்த்தவர் யார் என்று கேட்கக் கூடாது.

மயிலாப்பூரில் சொந்தமாக ஃபிளாட் வாங்கி வந்தார். சொந்த வீடு வந்தது, வானம் போய்விட்டது. பால்கனிக் கிராதியில் கம்பி கட்டிப் பார்த்தார். திரைச்சீலைக் குழாயில் கட்டிப் பார்த்தார். சுற்றிலும் கான்கிரீட், கான்கிரீட்டுக்குள் இரும்பு. குரல் தேனாம்பேட்டை தாண்டவில்லை. அவ்வளவு தூரத்துக்கு ஒரு நடை போய் நேரிலேயே சொல்லிவிட்டு வரலாம்.

மொட்டைமாடியில் ஏரியல் கட்ட அனுமதி கேட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெள்ளைத்துரை அதைக் கூட்டத்தில் வைத்தார். "ஏரியல்" என்ற சொல் மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் "டவர்" ஆகிவிட்டது. டவர் வந்தால் வியாதி வரும் என்றார் ஒருவர், சிட்டுக்குருவி வராது என்றார் இன்னொருவர். அந்தக் கட்டடத்தில் சிட்டுக்குருவியை யாரும் பார்த்ததில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அனுமதி இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, துணிக்கொடி தவிர வேறெதுவும் கூடாது என்று தீர்மானம்.

ஒரு நாள் மத்தியானம், ஊர் உண்ட மயக்கத்தில் இருக்கும்போது, சுவாமிநாதன் மெல்லிய செப்புக் கம்பியை மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தலைக்கு மேலே உயரமாக இழுத்துக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பினால் வெள்ளைத்துரை நிற்கிறார்.

"என்ன சார் இது?"

"கொடி."

"கொடிதான் அங்க இருக்கே. இது எதுக்கு இவ்ளோ உசரத்துல?"

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். சுவாமிநாதனுக்கு அந்த நேரத்தில் பயத்தோடு மடியும் சேர்ந்து வந்துவிட்டது.

"இது மடிக்கொடி" என்றார்.

மடி என்ற சொல்லுக்குத்தான் எத்தனை முகம். குழந்தைக்கு அது அம்மாவின் தொடை. பழந்தமிழில் சோம்பல். ஆசாரக்காரர் வீட்டிலோ, தீட்டுப் படாத துணி. நனைத்து, கைபடாமல் நீளக் கோலால் உயரத்தில் உலர்த்தி, மறுநாள் குளித்துவிட்டு உடுத்துவது. அதை இன்னொருவர் தொட்டால் போயிற்று, மறுபடியும் நனைக்க வேண்டும். தொட்டவருக்கும் சங்கடம், உடுத்துகிறவருக்கும் சங்கடம். அதனால் மடித்துணி காயும் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

சுவாமிநாதனுக்கும் ஆசாரத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் வறுத்த வஞ்சிரத்தை, ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று இரண்டு துண்டு தின்றவர். ஆனால் வெள்ளைத்துரைக்கு அது எப்படித் தெரியும்? அவர் உண்மையிலேயே நல்ல மனுஷர். ஒரு அடி பின்னால் நகர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டார். அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. சுவாமிநாதன் சார் மிகுந்த ஆசாரம் உள்ளவர், மாடியில் அவருடைய மடிக்கொடியை யாரும் தொட வேண்டாம், குழந்தைகளுக்கும் சொல்லி வைக்கவும். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

கம்பி பிழைத்தது. சாயங்காலம் காபி குடித்துவிட்டு சுவாமிநாதன் செட்டைப் போடுவார். தென்னாட்டு நண்பர்கள் கொஞ்சம் பேர் அந்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். குன்னூரில் பேக்கரி வைத்திருக்கும் அம்பிதான் அந்தச் சபைக்குத் தலைவர். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். பதில் சொன்னால் மார்க் போடுவார். குரல் எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு இவ்வளவு, எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு ஒன்பதுக்கு இவ்வளவு.

"சுவாமி சார், இன்னிக்கு நீங்க அஞ்சு ஒம்பது. பக்கத்தாத்துல ஒக்காந்துண்டு பேசற மாதிரி இருக்கு" என்பார் அம்பி.

பேச்சில் ஒன்றும் பெரிய விஷயம் கிடையாது. குன்னூரில் இன்று எதிர்மலை தெரியவில்லை. மயிலாப்பூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. பன்னுக்கு மாவு உப்பவில்லை. சுவாமிநாதன் கத்தரிக்காய் கூட்டு வைத்தார், உப்புப் போட மறந்துவிட்டார். வீட்டில் ஒருத்தி இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். இல்லாததால் நீலகிரிக்குச் சொன்னார்.

அவருக்குப் புரிய நாளாயிற்று. வானத்துக் கதவு திறந்தபோதே, மாடிப்படிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. லிஃப்டில் அவர் ஏறினால் மற்றவர்கள், "நீங்க போங்க சார், நாங்க அப்பறம் வர்றோம்" என்று நின்றுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுக்காமல் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். மாடிப்படியில் பந்து விளையாடும் பிள்ளைகள் அவரைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டன. கடற்கரைக்குப் போய் வஞ்சிரம் தின்னவும் பயம். யாராவது பார்த்துவிட்டால்?

எதிர் ஃபிளாட்டில் வஜீஹா இருந்தாள். கச்சேரி ரோட்டில் ஆரி வேலைப்பாடு செய்யும் சின்னக் கடை வைத்திருப்பவள். கல்லூரியில் படிக்கும் மகள் ருக்சாரோடு குடியிருந்தாள். முன்பெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பதற்குள் உள்ளே எட்டிப் பார்ப்பவள். "மாமா, இதுல கறி எதுவும் இல்ல, தைரியமா சாப்பிடுங்க" என்று ஒரு கிண்ணத்தை நீட்டுவாள். அறிவிப்புக்குப் பிறகு தட்டவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால், அவர்மேல் பட்டுவிடக்கூடாதே என்று துப்பட்டாவின் முனையை இழுத்துச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அவர் கடந்து போகும்வரை நிற்பாள். ஒவ்வொரு தடவையும் சுவாமிநாதனுக்கு அங்கேயே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். சங்கத்துக்குப் பொருளாளர் அவள்தான். அவளிடம் சொன்னால் வெள்ளைத்துரையிடம் சொன்ன மாதிரி. கம்பி போய்விடும். விழுங்கிவிட்டு இறங்கிவிடுவார்.

ரம்ஜான் பெருநாள் வந்தது. ஷீர் குர்மாவின் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. சேமியா, பால், நெய்யில் வறுத்த பேரீச்சம்பழம். ருக்சார் தட்டோடு ஒவ்வொரு வீடாகப் போகும் சத்தம் கேட்டது. அவர் வாசலுக்கு வந்தபோது கால்சத்தம் நின்றது.

"மாமா வீட்டுக்கு வேணாம்டி. அவர் மடி. நாம தொட்டதை வாங்கினா அவர் மறுபடியும் குளிக்கணுமாம். பாவம், வயசானவர்" என்றாள் வஜீஹாவின் குரல்.

தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் காது வைத்தவர். தன் காது அன்றைக்குச் செவிடாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். திறக்கவில்லை. சாயங்காலம் அம்பியிடம், இன்று பெருநாள், குர்மா பிரமாதம் என்று சொன்னார். பொய்க்கும் அம்பி ஐந்து ஒன்பது போட்டார்.

அப்படியே போயிருக்கும். நான்காவது மாடிக்கு சூடாமணி குடி வராமல் இருந்திருந்தால்.

சூடாமணி ஓய்வுபெற்ற சமஸ்கிருத டீச்சர். அவளுடைய ஆசாரத்துக்கு முன்னால் கோயில் குருக்களே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார். குழாய்த் தண்ணீரைக் கழுவிவிட்டுக் குடிப்பவள் என்று வாட்ச்மேன் சொல்வான். இந்தக் கலிகாலத்துக் கட்டடத்தில் மடிக்கொடியா என்று கேட்டபோதே அவள் கண் நிறைந்துவிட்டது. மடிக்கொடியைத் தீட்டுக்காரர்தானே தொடக்கூடாது? இன்னொரு மடிக்காரி தொடலாமே. மறுநாளைக்கு உடுத்த வேண்டிய ஒன்பது கஜத்தை முந்தின சாயங்காலமே நனைத்து, கோலால் தூக்கி, கம்பியின் நீளத்துக்கும் விரித்துவிட்டாள்.

கீழே சுவாமிநாதன் அம்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். செட்டின் முள் மயங்கி விழுந்தது. "சுவாமி சார், திடீர்னு கெணத்துக்குள்ள போயிட்டேள்" என்றார் அம்பி. மாடிக்கு ஓடினால், அவருடைய வானத்தின்மேல் சொட்டச் சொட்ட அரக்குக் கலர் புடவை.

மென்று விழுங்கி, வேறு கொடியில் உலர்த்தினால் தேவலை என்றார்.

"ஏன், என் மடி உங்க மடியைவிட மட்டமா?" என்று கேட்டாள் சூடாமணி.

அதற்கு எந்த சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது? தினமும் புடவை காய்ந்தது. தினமும் அவர் கிணற்றுக்குள் இருந்து பேசினார். ஒரு சாயங்காலம், இன்னும் அவள் வரவில்லை என்று எண்ணி, மைக்கை அழுத்திக்கொண்டு அவசரமாகப் பேச ஆரம்பித்தார். மாடியில் சூடாமணி, ஈரப்புடவை ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டதென்று எட்டிக் கையாலேயே விலக்கினாள். முடிச்சுக்குப் பக்கத்தில் கம்பி தோலுரிந்திருந்தது. பேசுகிற நேரத்தில் ஏரியலின் முனையைத் தொட்டால் சும்மா விடாது. விரல் நுனியைச் சுட்டுவிடும். அவள் போட்ட சத்தத்தில் சித்திரக்குளத்து மீன் மறுபக்கக் கரைக்குப் போய்விட்டது என்கிறார்கள்.

கட்டடமே மாடியில் கூடியது. மூச்சு வாங்க ஏறிவந்த சுவாமிநாதன், தன் கதை முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. சூடாமணி சிவந்த விரலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் புல்லரித்து நின்றாள்.

"அக்னி. அக்னியேதான். தொட்டா சுடறதுன்னா இது என்ன மடி. மகான் மாமா நீங்க."

வெள்ளைத்துரை ஒருவரைக் குங்குமம் எடுத்துவர அனுப்பினார். கொடிக்குப் பொட்டு வைக்க வேண்டுமாம். சுவாமிநாதன் வாயே திறக்க வேண்டியதில்லை. இனி ஆயுசுக்கும் அந்தக் கம்பியை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். துணிகூடப் போட மாட்டார்கள். அம்பி தினமும் ஐந்து ஒன்பது போடுவார். அந்த நேரத்தில் இரண்டாவது மாடிக்காரி ஒருத்தி தன் குழந்தையை இடுப்பிலிருந்து உயரத் தூக்கி, "தொட்டுக் கும்பிட்டுக்கோ கண்ணா" என்று அதன் கையைக் கம்பிக்குக் கொண்டுபோனாள்.

"தொடாதேம்மா" என்றார் சுவாமிநாதன். "அது மடி இல்லை. கொடியும் இல்லை. ஏரியல். நான் பேசறதுக்குக் கட்டினது."

"யார்கிட்ட பேச?" என்றார் வெள்ளைத்துரை.

"குன்னூர்ல ஒருத்தர்கிட்ட."

எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். வேடிக்கை என்னவென்றால், டவரைப் பற்றியோ வியாதியைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை மாசம் அவருக்காக லிஃப்டை விட்டுவிட்டு முட்டிவலியோடு படி ஏறியதைத்தான் கேட்டார்கள். சூடாமணிக்கோ தலையில் இடி. மடியல்லாத கம்பியில் காய்ந்த புடவையைக் கட்டிக்கொண்டு அவள் செய்த பூஜையெல்லாம் யார் கணக்கில் சேரும்?

துவைத்த துணி வாளியோடு மாடிக் கதவருகே வஜீஹா நின்றிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பார்த்தாள். பிறகு, சுருட்டிக் கையில் பிடித்திருந்த துப்பட்டா முனையைப் பார்த்தாள். அதை மெல்ல விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். மற்றவர்கள் திட்டியது சுவாமிநாதனுக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. இது போகவில்லை.

மறுநாள் கம்பி பிரிமணை மாதிரி சுற்றப்பட்டு அவர் வாசலில் கிடந்தது.

மறுபடியும் பால்கனிக் கிராதி. அந்த ஏரியலில் ஒரு வினோதம். கேட்கும், ஆனால் கேட்காது. அம்பியின் குரல் மங்கலாக வந்தது. இவர் குரல் போகவில்லை. அம்பி தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சுவாமி சார், இருக்கேளா? சுவாமி சார்?" இவர் இருக்கேன், இருக்கேன் என்று தொண்டை கிழியச் சொல்வார். "பதில் இல்லை" என்று அம்பி அடுத்த பெயருக்குப் போவார். போன் நம்பரைத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் வானத்தில் பேசியவரிடம் போனில் போய் உள்ளேன் ஐயா என்று சொல்வது, கச்சேரிக்கு வராமல் கைதட்டலைத் தபாலில் அனுப்புவது மாதிரி. ஒரு நாள் அம்பி வரிசையாகப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். சுவாமிநாதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் பெயர் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளிகூட விடாமல், அடுத்த பெயர் வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் செட்டின் பலத்தை முழுக்க ஏற்றினார். அம்பியை விட்டார். எல்லா நிலையங்களையும் கூப்பிட்டார். தமிழில், இங்கிலீஷில், மறுபடியும் தமிழில். யாராவது கேட்கிறீர்களா? யாராவது? சலசலவென்று வெறும் வானம். மறுபடியும் கூப்பிட்டார்.

வாசல் மணி அடித்தது.

வஜீஹா. மாடியிலிருந்து இறங்கிப் போன நாளுக்குப் பிறகு அவரோடு பேசாதவள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"இது நீங்களா?"

"எது?"

"ருக்சாரோட ஸ்பீக்கர்ல வாத்து கத்துது. பாட்டு நிறுத்தியும் கத்துது. நீங்க மணி சத்தம் கேட்டு வந்ததும் நின்னுடுச்சு."

சுவாமிநாதனுக்குச் சட்டென்று விளங்கிற்று. கிராதிக் கம்பியிலிருந்து புறப்பட்ட குரல் வானத்துக்கு வழி தெரியாமல், சுவரைத் தாண்டி எதிர்வீட்டு ஸ்பீக்கருக்குள் புகுந்திருக்கிறது. வருத்தப்பட வேண்டியவர், பழக்க தோஷத்தில் வேறு கேட்டார்.

"எவ்வளவு சத்தமா வந்தது?"

"தெருக்கோடி வரைக்கும்."

"தெளிவா இருந்துதா?"

"ஒரு மண்ணும் புரியல."

ஒன்று, ஒன்பது என்று அவர் மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கிடைத்த மார்க்.

"அப்படி என்னதான் சொன்னீங்க?" என்றாள் வஜீஹா.

"யாராவது கேக்கறேளான்னு கேட்டேன்."

"கேட்டுதான் வந்திருக்கேன்" என்றாள். பிறகு, வந்த காரியத்தை நினைத்துக்கொண்டவளாக, ருக்சாருக்குப் பரீட்சை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதுவரைக்கும் பேச வேண்டாம் என்றாள். சரி என்றார். உள்ளே வாம்மா என்றும் சொன்னார். அடுப்பில் பால் இருக்கிறது என்று திரும்பினாள். திரும்பும்போது அவள் கை தன்னால் துப்பட்டா முனையைத் தேடிப் பிடித்தது. பழகிப் போயிருந்தது. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் எதிர்க்கதவு சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் காபி குடித்துவிட்டு அவர் செட்டைப் போட்டார். அம்பியின் சபை கூடிக்கொண்டிருந்தது. அந்த அலைவரிசையிலிருந்து விலகி, யாருமில்லாத ஒரு இடத்துக்கு முள்ளைத் திருப்பினார். மைக்கை வாயருகே கொண்டுபோய், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். படியில் நீ ஒதுங்கி நின்றபோதெல்லாம் எனக்குத் தெரியும், வஜீஹா. ஒரு கம்பிக்காக வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனேன். பெருநாளன்று கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். நிதானமாக, காது மந்தமானவர்களிடம் பேசிப் பழகிய குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

எதிர்வீட்டிலிருந்து, இரண்டு சுவர் தாண்டி, ஒரு வாத்து கத்துவது லேசாகக் கேட்டது. அவர் நிறுத்தினால் அது நிறுத்தியது. அவர் தொடர்ந்தால் அதுவும் தொடர்ந்தது. ஒரு சொல்கூட அங்கே புரிந்திருக்காது. ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த ஸ்பீக்கரை யாரும் அணைக்கவில்லை.